யாழ்ப்பாணத் தமிழை மலையாளம் என்று காட்டும் செயலி: ஏன்?

கேள்வி, 2024 ஜூன் 8, காலை

என் மாமியார் சாவகச்சேரிக்காரர். நாங்க டொராண்டோல, அவங்க இன்னும் அங்கதான். வாட்ஸ்அப்ல நீள நீளமா வாய்ஸ் மெசேஜ் போடுவாங்க. எழுத்தா மாத்தி வச்சுக்கலாம்னு ஒரு செயலில கொடுத்தேன். மொழியை அதுவே கண்டுபிடிக்கட்டும்னு விட்டா, பாதி மெசேஜுக்கு மலையாளம்னு எடுத்துக்கிட்டு மலையாள எழுத்துல கொட்டுது. நான் பேசினா (எனக்குத் திருச்சி) ஒழுங்கா தமிழ்னு சொல்லுது. யாழ்ப்பாணத் தமிழ் அதோட கணக்குல தமிழே இல்லையா? இல்ல, தமிழும் மலையாளமும் பிரியறதுக்கு முன்னாடி இருந்த பழைய பேச்சுக்கு அது கிட்டனு அர்த்தமா?

பதில், ஜூன் 8, இரவு

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: அப்படி அர்த்தம் இல்லை. தமிழும் மலையாளமும் எப்போது பிரிந்தன, எந்த ஊர்ப் பேச்சு பழைய வடிவத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்பதெல்லாம் அந்தச் செயலிக்குத் தெரியவே தெரியாது. வருகிற ஒலியை அது 10 மில்லி வினாடிக்கு ஒருமுறை அளந்து பார்க்கிறது. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலு இருக்கிறது என்ற எண்கள் கிடைக்கின்றன. அவை ஒரு நியூரல் நெட்வொர்க்குக்குள் (மாதிரிக் குரல்களைக் கேட்டுப் பழகிய கணினி அமைப்பு, மாடல் என்பதும் இதைத்தான்) போகின்றன. மறுபக்கம் வருவது, அதன் பட்டியலில் இருக்கிற ஒவ்வொரு மொழிக்கும் ஒரு மதிப்பெண். எல்லாவற்றையும் கூட்டினால் ஒன்று. எதற்கு அதிகமோ அந்தப் பெயரைத் திரையில் போடுகிறது.

ஆகவே "மலையாளம்" என்று வந்தால், "எனக்குப் பயிற்சி கொடுத்தபோது மலையாளம் என்று லேபிள் ஒட்டிக் கொடுத்த குரல்களுக்கு இந்தக் குரல் கொஞ்சம் கூடுதலாக ஒத்துப்போகிறது" என்பதற்கு மேல் அதில் பொருள் இல்லை. மலையாளத்துக்கு 0.49, தமிழுக்கு 0.46 என்று வந்திருந்தாலும் உங்கள் கண்ணில் படுவது "மலையாளம்" மட்டும்தான். இரண்டாவது இடத்தில் என்ன இருந்தது, எவ்வளவு நெருக்கத்தில் இருந்தது என்பதைப் பெரும்பாலான செயலிகள் காட்டுவதில்லை. என் ஆதங்கம் முதலில் அதில்தான்.

ஜூன் 9

என்ன வேலை செய்துகொண்டு இதையெல்லாம் எழுதுகிறேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒலித் தரவுக்கு லேபிள் போடுகிற வேலை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு சின்னச் சின்ன கிளிப்புகளைக் கேட்டு, என்ன மொழி, ஆணா பெண்ணா, பின்னால் சத்தம் இருக்கிறதா என்று குறிக்க வேண்டும். இப்படிப்பட்ட இயந்திரங்கள் சாப்பிடுவது இந்த லேபிள்களைத்தான். அதனால் அவை என்ன சொல்கின்றன என்பது எனக்குச் சொந்த விஷயம் மாதிரி.

சாவகச்சேரிப் பேச்சுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் மனிதர்களே யாழ்ப்பாணத்தாரைப் பார்த்து "நீங்க மலையாளமா?" என்று கேட்பது புதிதல்ல. காதுக்கு அப்படித் தோன்றக் காரணம் இருக்கிறது. "காற்று" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சியில் பேச்சில் அது "காத்து". யாழ்ப்பாணத்தில் அந்த "ற்ற" அப்படியே நிற்கும். நாக்கு நுனி மேல்பல்லுக்குச் சற்று மேலே பல் ஈறில் ஒட்டி வெடிக்கும். மலையாளத்திலும் காற்றுக்கு அதே இடத்தில் அதே வெடிப்பு. டொராண்டோவை ரொறன்ரோ என்று அவர்கள் எழுதுவதும் இந்த ஒலியை நினைத்துத்தான். அடுத்தது சொல்லின் கடைசி "ன்". நாம் "வர்றேன்" என்று சொல்லும்போது உண்மையில் "ன்" சொல்வதில்லை. உயிரெழுத்தை மூக்கால் இழுத்து விட்டுவிடுகிறோம். அவர்கள் "வாறன்" என்னும்போது "ன்" முழுசாகக் கேட்கும். மலையாளியின் "ஞான்" போல.

அதே நாள், பிறகு

நடைமுறைக்கு ஒன்று. பேச்சை எழுத்தாக மாற்றும் விஸ்பர் போன்ற மாடல்கள் வழக்கமாக முதல் 30 வினாடியை வைத்து மொழியை முடிவுசெய்துவிட்டு, மீதியை அந்த மொழியாகவே எழுதிக்கொண்டு போகும். முதல் அரை நிமிடத்தில் பின்னால் டிவி ஓடினாலோ, "ஹலோ, ஓம், ஓம், கேக்குதோ" என்று மட்டும் இருந்தாலோ தீர்ப்பு அதிலேயே விழுந்துவிடும். செயலியில் மொழியை நாமே தேர்வுசெய்யும் இடம் இருந்தால் தமிழ் என்று கட்டாயமாக வைத்துவிடுங்கள். இல்லையென்றால் தொடக்கத்தை வெட்டிவிட்டு நன்றாகப் பேசும் இடத்திலிருந்து கொடுத்துப் பாருங்கள்.

ஜூன் 10

"ற்ற" பற்றி எழுதியதோடு இன்னொன்றையும் வைத்துப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் படம் ஒருபக்கமாக இருக்கும். தமிழையும் மலையாளத்தையும் பிரிக்கிற வலுவான அடையாளங்களில் ஒன்று மூக்கொலிக்குப் பின்னால் வருவது. நாம் "வந்து" என்போம். மலையாளத்தில் அது "வந்நு". நமக்கு மாங்காய், அங்கே மாங்ங. "ந்த", "ங்க" என்று நமக்கு வெடிக்கும் இடங்களில் அவர்களுக்கு மூக்கொலியே இரட்டிக்கிறது. யாழ்ப்பாணத்தார் இதில் முழுக்க நம் பக்கம்: வந்தனான், மாங்காய், அங்கை. ஒரு நிமிடப் பேச்சில் இந்த இடம் எத்தனையோ முறை வரும். மலையாளத்தின் மூச்சுச் சேர்ந்த "ப⁴", "த⁴" ஒலிகளும் மாமியார் பேச்சில் இருக்கப்போவதில்லை.

அப்படியென்றால் ஒலி அமைப்பு மட்டும் காரணமாக இருக்க முடியாது. நியாயமாகக் கேட்டால் அது தமிழ் என்றுதான் வரவேண்டும். "தமிழ்" என்ற லேபிளுக்குக் கீழே யாழ்ப்பாணக் குரல்கள் போதுமான அளவு வைக்கப்படவில்லை என்பதே எனக்குப் பொருத்தமான விளக்கமாகப் படுகிறது. சென்னைச் செய்தி வாசிப்பும் யூடியூப் சமையலும் தொழில்நுட்ப விமர்சனமும் கேட்டு வளர்ந்த மாடலுக்கு யாழ்ப்பாணத்து வடமராட்சிப் பேச்சும் தென்மராட்சிப் பேச்சும் எப்படித் தெரியும்?

ஜூன் 12

"தமிழை யார் இதிலெல்லாம் சேர்க்கப்போகிறார்கள், இப்போதுதானே நம்மைத் திரும்பிப் பார்க்கிறார்கள்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். தகவல் அப்படி இல்லை. பேச்சைக் கேட்டு மொழியைக் கண்டுபிடிக்கும் இந்தத் துறையின் அடித்தளத்திலேயே தமிழ் இருக்கிறது. அமெரிக்காவில் ஓரிகன் பட்டப்படிப்பு நிலையத்தில் யஷ்வந்த் முத்துசாமி, ரொனால்ட் கோல் முதலானோர் 1992இல் வெளியிட்ட பலமொழித் தொலைபேசிப் பேச்சுத் தொகுப்பில் முதலில் இருந்தவை பத்து மொழிகள்: ஆங்கிலம், பாரசீகம், பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியம், கொரியன், மாண்டரின், ஸ்பானியம், தமிழ், வியட்நாமியம். இந்தி பிறகுதான் சேர்ந்தது. உலகெங்கும் இந்த ஆராய்ச்சி செய்தவர்கள் பல ஆண்டுகள் தங்கள் முறைகளைச் சோதித்தது இந்தத் தொகுப்பில்தான்.

அவர்களுக்கு அப்போது இருந்த அவசரம் எனக்கு மிகவும் பிடித்தமானது. அமெரிக்காவில் ஆங்கிலம் தெரியாதவர் ஆபத்து நேரத்தில் போன் செய்கிறார். எதிரே இருப்பவருக்கு அவர் பேசுவது என்ன மொழி என்றே தெரியவில்லை. மொழிபெயர்ப்பாளர்கள் வரிசையாக இருக்கிறார்கள்; யாரை இணைப்பது? ஒவ்வொருவராக இணைத்துப் பார்த்தால் நிமிடங்கள் ஓடிவிடும். மாரடைப்பு வந்தவர் வீட்டில் அந்த நிமிடங்கள் என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

அன்று நன்றாக வேலை செய்த முறையும் அழகானது. 1996இல் மார்க் சிஸ்மன் நான்கு முறைகளை ஒப்பிட்டு எழுதிய கட்டுரை இன்றைக்கும் படிக்கத் தகுந்தது. அதில் ஒன்று: ஆங்கில ஒலிகளை மட்டும் அடையாளம் காணத் தெரிந்த ஒரு கருவியிடம் தமிழைக் கேட்க வைப்பது. அதற்கு "ழ" தெரியாது, "ற" தெரியாது. ஏதோ ஒரு ஆங்கில ஒலியாக எழுதி வைக்கும். ஆனால் ஒரே மாதிரி எழுதும். எந்த ஒலிக்குப் பின் எந்த ஒலி எத்தனை முறை வருகிறது என்ற கணக்கை அந்த எழுத்திலிருந்து எடுத்தால், தமிழுக்கு ஒரு கணக்கு, ஜப்பானியத்துக்கு வேறொரு கணக்கு. நேற்றுமுன்தினம் சொன்ன "வந்து", "வந்நு" வேறுபாடும் அதில் விழுந்துவிடும். தெலுங்குச் சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடிவதும் விழுந்துவிடும். ஒரு சொல்லுக்குக்கூடப் பொருள் தெரியாமல் மொழியைச் சொல்லிவிடலாம் என்று காட்டிய முறை அது.

ஜூன் 13

சென்னையிலிருந்து ஒரு வாசகி: "நாம பேசறதுல பாதி இங்கிலீஷ். அப்போ மெஷின் என்ன சொல்லணும்?"

நல்ல கேள்வி. ஒரு வாக்கியம்: "டிராஃபிக்ல பஸ்ஸு லேட்டு, மேனேஜருக்கு மெசேஜ் பண்ணி லீவு அப்ளை பண்ணிட்டேன்." வேர்ச்சொற்களை எண்ணினால் ஏழு ஆங்கிலம். தமிழுக்கு "பண்ணு" ஒன்றுதான், அது இரண்டு முறை. ஆனாலும் இதைக் கேட்கும் எந்தத் தமிழருக்கும் சந்தேகம் வராது. "ட்ராஃபிக்ல" என்ற அந்த "ல", "மேனேஜருக்கு" என்ற அந்த "உக்கு", பஸ், லேட், லீவ் மூன்றின் வாலிலும் ஒட்டிக்கொண்ட குறுகி ஒலிக்கும் "உ" எல்லாம் தமிழ்க் கை. பழைய ஒலி வரிசை முறை இதைத் தமிழ் என்று பிடிக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஏனென்றால் அது சொல்லைப் பார்ப்பதில்லை. சொற்களைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு வளர்ந்த மாடல்தான் இங்கே ஆங்கிலம் பக்கம் சாய வாய்ப்பு.

லேபிள் போடும் எங்களுக்கு இதில் வேறு தலைவலி. ஒரு கிளிப்புக்கு ஒரு மொழிதான் குறிக்க இடம். நான் தமிழ் என்று போடுவேன். பக்கத்து இருக்கையில் இருப்பவர் ஆங்கிலம் என்று போடுவார். இரண்டும் பயிற்சிக்குப் போகும். "யார் எப்போது எந்த மொழியில் பேசினார்" என்று வினாடி வாரியாகக் குறிக்கும் ஆராய்ச்சி நடக்கிறது. 2023இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார் முன்னின்று டிஸ்பிளேஸ் என்ற போட்டியே நடத்தினார்கள். மேலே உள்ள வாக்கியத்தை அப்படி வெட்டினால் "மேனேஜர்" ஒரு மொழி, "உக்கு" ஒரு மொழி என்று ஆகும். பேசியவருக்கு அது ஒரே மூச்சு. எங்கே வெட்டுவது?

ஜூன் 16

பரமக்குடியிலிருந்து ஒரு சௌராஷ்டிர நண்பர். வீட்டில் பேசுவதைக் கொடுத்துப் பார்த்தாராம். ஒருமுறை மராத்தி, ஒருமுறை குஜராத்தி, ஒருமுறை தமிழ். "எங்க மொழி பேரு வரவே இல்லையே" என்கிறார்.

வராது ஐயா. பட்டியலில் இல்லாத பெயர் எப்படி வரும்? நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடு என்னும் கேள்வித்தாளில் சரியான விடையே அச்சாகாவிட்டால் எழுதுகிறவன் ஏதோ ஒன்றில் டிக் போட்டுத்தானே ஆக வேண்டும்.

எஸ்டோனியாவின் தாலின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான வாக்ஸ்லிங்குவா 107 என்ற தொகுப்பை இந்தத் துறையில் நிறையப் பேர் பயன்படுத்துகிறார்கள். விக்கிப்பீடியாவிலிருந்து சொற்றொடர்களை எடுத்து யூடியூபில் தேடி, கிடைத்த காணொளிகளின் பேச்சைச் சேகரித்தார்கள். 107 மொழி, 6,628 மணி நேரம். தமிழ், மலையாளம், சிங்களம் எல்லாம் உண்டு. சமஸ்கிருதமும் லத்தீனும் எஸ்பெராந்தோவும் உண்டு. சௌராஷ்டிரம் இல்லை, நீலகிரியின் படுகு இல்லை. 2011 கணக்கெடுப்பில் 18 லட்சத்துக்கு மேல் பேசுவதாகப் பதிவான துளுவும் இல்லை. உருவாக்கியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் செய்தது பெரிய வேலை, எல்லோருக்கும் திறந்தும் வைத்தார்கள். ஆனால் அந்தப் பட்டியலை உலகம் என்று எடுத்துக்கொண்டு செயலி விற்பவர்களைக் குறை சொல்வேன்.

பட்டியல் என்ன செய்யும் என்பதற்கு ஒரு எண். 2022இல் வெளிவந்த விஸ்பரை அதை உருவாக்கியவர்களே ஃப்ளூர்ஸ் என்ற 102 மொழிச் சோதனையில் போட்டார்கள். அதில் 20 மொழிகளுக்கு விஸ்பரிடம் பயிற்சித் தரவே இல்லை. எனவே எவ்வளவு முயன்றாலும் 80.4 சதவீதத்தைத் தாண்ட முடியாது என்று அவர்களே எழுதிவிட்டார்கள். கிடைத்தது 64.5.

என் வேலையில் பார்த்ததையும் சொல்கிறேன். கோத்தகிரிப் பக்கம் பதிவான கிளிப்புகள் ஒருமுறை வந்தன. இரண்டு பெண்கள் கேரட் விலை பேசுகிறார்கள். படுகு. எனக்குப் பேச வராது, ஆனால் குன்னூரில் உறவுக்காரர்கள் இருப்பதால் காதுக்குப் பழக்கம். திரையில் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி, ஆங்கிலம் என்று ஆறு பொத்தான். "வேறு" என்று ஒன்று இல்லை. மேலே கேட்டால் "கன்னடம் போட்டுடுங்க, சென்சஸ்லயே அப்படித்தான்" என்றார்கள். 2011 கணக்கெடுப்பு படுகுவைக் கன்னடத்துக்குள் அடக்கியிருப்பது உண்மைதான். நான் அவற்றை லேபிள் இல்லாமலே திருப்பி அனுப்பினேன். எல்லோரும் அப்படி அனுப்பியிருக்க மாட்டார்கள். படுகு பேசும் பாட்டியின் குரலைக் கேட்டு நாளை ஒரு செயலி உறுதியாகக் "கன்னடம்" என்று சொன்னால், அந்த உறுதி இந்தப் பொத்தான்களிலிருந்து வந்தது.

ஜூன் 17

"மெட்டா 4,017 மொழியைக் கண்டுபிடிக்குமே" என்று ஒருவர் நினைவூட்டியிருக்கிறார். ஆமாம், 2023 மே மாதம் வெளியிட்டார்கள். மொழி எண்ணிக்கையில் பெரிய பாய்ச்சல், மதிக்கிறேன். ஆனால் அதற்கான தரவில் பெரும்பகுதி கிறிஸ்தவ சமய ஒலிப்பதிவுகள், குறிப்பாகப் புதிய ஏற்பாட்டு வாசிப்பு. சிறிய மொழிகளுக்கு அவ்வளவு ஒலிப்பதிவு வேறெங்கும் ஒரே இடத்தில் கிடைக்காது. ஒருவர் நிதானமாக, அமைதியான அறையில், எழுதியதைப் படிக்கிறார். சந்தையில் கேரட் விலை பேசுவது அப்படி இருக்காது.

இன்னொரு தொல்லையும் இதோடு சேர்ந்தது. ஒரு மொழியின் கிளிப் எல்லாம் ஒரே வானொலியிலிருந்து வந்தால், மாடல் அந்த வானொலியின் மைக்கைக் கற்றுக்கொள்ளும். நான் பார்த்த ஒரு தொகுப்பில் ஒரு மொழியின் பதிவு முழுக்க ஒரே அறையில் எடுத்தது. மின்விசிறி இரைச்சல் எல்லாவற்றிலும். அந்த இரைச்சலை மட்டும் வெட்டி எடுத்துக் கொடுத்தால், யாரும் பேசாமலே, மாடல் அந்த மொழியின் பெயரைச் சொன்னது. அன்றிலிருந்து யாராவது 98 சதவீதம், 99 சதவீதம் என்று எண் காட்டினால், வேறு ஊரில் வேறு மைக்கில் எடுத்த குரலில் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்கிறேன். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனம் 1996 முதல் நடத்தும் மதிப்பீடுகளில் பேச்சின் நீளத்தை 3, 10, 30 வினாடி என்று பிரித்துச் சோதித்தது இதே காரணத்தால் எனக்குப் பிடிக்கும். எந்த நிலையில் அளந்தது என்று சொல்லாத எண் எதற்கும் உதவாது.

ஜூன் 20

இதெல்லாம் வாய்ஸ் மெசேஜோடு போகிற சங்கதி என்று நினைக்காதீர்கள். ஜெர்மனியில் குடிபெயர்வு, அகதிகளுக்கான கூட்டாட்சி அலுவலகம் 2017 முதல் புகலிடம் கேட்டு வருபவர்களிடம் இப்படி ஒரு மென்பொருளைப் பயன்படுத்துகிறது. ஆவணம் இல்லாதவர் ஒரு படத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் போல தொலைபேசியில் விவரிக்க வேண்டும். எந்த அரபு வட்டார வழக்கு என்று இயந்திரம் சதவீதம் போட்டுக் கொடுக்கும். விசாரிக்கும் அதிகாரிக்கு அது ஒரு துணைக் குறிப்பு. ஏறத்தாழ 15 சதவீதம் தவறலாம் என்று 2018 வாக்கில் செய்தி வந்தது.

மொழியறிஞர்கள் 2004இலேயே இதற்கு நெறிமுறைகள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒருவர் எந்தச் சமூகத்தில் வளர்ந்தார் என்பதைப் பேச்சு காட்டலாம். எந்த நாட்டுக் குடிமகன் என்பதைக் காட்டாது. இதை நமக்கு யாரும் விளக்க வேண்டாம். மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளை வீட்டில் "கதைச்சனான்" என்றும் பள்ளியில் "பேசிட்டிருந்தேன்" என்றும் சொல்கிறது. இரண்டு நிமிடத்தில் எது வெளியே வரும் என்பது எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. அதிகாரி முன்னால் எல்லோரும் பேச்சை மாற்றுவோம்.

ஜூன் 21

குழந்தைகள் எப்படிக் கண்டுபிடிக்கின்றன என்று ஒரு துணைக் கேள்வி. பிறந்து நான்கு நாளான பிரெஞ்சுக் குழந்தைகள் பிரெஞ்சையும் ரஷ்யனையும் பிரித்தறிவதை ஜாக் மேலர் குழுவினர் 1988இல் காட்டினார்கள். தாளத்தை வைத்து. டச்சையும் ஜப்பானியத்தையும் டாமரின் குரங்குகளே பிரிக்கின்றன என்று 2000இல் வந்தது. ஆனால் ஒரே மாதிரித் தாளம் கொண்ட இரண்டு மொழிகளைப் பிரிக்கப் பிறந்த குழந்தைக்கும் சிரமம். தமிழையும் மலையாளத்தையும் தாளம் மட்டும் கேட்டுப் பிரிக்கச் சொன்னால் எனக்கும் சிரமம்தான் என்று நினைக்கிறேன்.

ஜூன் 29

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். தமிழ் என்று கட்டாயப்படுத்தியதும் மலையாள எழுத்து நின்றுவிட்டது. ஆனால் "கதைச்சனான்" என்பது "கதை சொன்னான்" ஆகிவிட்டது. "பேந்து" (பிறகு) எங்கும் "பேருந்து" ஆகிவிட்டது. மொழியின் பெயரைச் சரியாகச் சொல்ல வைப்பது பாதி வேலைகூட இல்லை. பெயருக்குக் கீழே எந்த ஊர்க் குரல் இருக்கிறது என்பது அப்படியே நிற்கிறது.

தரவு கொடுக்க வழி கேட்கிறார். மொசில்லாவின் காமன் வாய்ஸில் தமிழ் இருக்கிறது. திரையில் வரும் வாக்கியத்தைப் படிக்க வேண்டும். எழுத்துத் தமிழ் என்பதால் "பேந்து" வராது. ஆனால் "காற்று" வரும், அது யாழ்ப்பாணத்துக் காற்றாகவே வரும். உச்சரிப்பு எந்தப் பகுதியுடையது என்று குறிப்பிட இடம் உண்டு, அதைக் காலியாக விடாதீர்கள். குரல் பொதுவெளியில் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி இருக்கும். அதை மாமியாருக்கு விளக்கி, அவர் சம்மதித்தால் மட்டும்.

ஜூலை 3

கூடலூரில் ஒரு மருத்துவமனைத் தொலைபேசிக்கு மென்பொருள் எழுதும் தம்பி கேட்டது: அழைப்பவர் முதல் மூன்று வினாடி பேசியதும் மொழியைப் பிடித்து உரிய ஆளுக்கு அனுப்பலாமா?

வேண்டாம் தம்பி. கூடலூரில் தமிழ், மலையாளம், கன்னடம், படுகு, பணியர் பேச்சு, குறும்பர் பேச்சு எல்லாம் ஒரே பேருந்து நிலையத்தில் கேட்கும். மூன்று வினாடி என்பது "ஹலோ, ஆஸ்பத்திரியா?" அவ்வளவுதான். வலியில் இருப்பவர், அழுதுகொண்டிருப்பவர் குரலில் இந்த மாடல்கள் பழகியதில்லை. குறைந்தது பத்து வினாடி கேளுங்கள். முதல் இரண்டு மதிப்பெண்ணுக்கு இடையில் தெளிவான இடைவெளி இருந்தால் மட்டும் தானாக அனுப்புங்கள். இடைவெளி எவ்வளவு என்பதை உங்கள் ஊர் அழைப்புகளிலேயே அளந்து வையுங்கள், அடுத்தவர் எண்ணைக் கடன் வாங்காதீர்கள். மற்ற எல்லா அழைப்பும், மதிப்பெண் என்னவாக இருந்தாலும், நேராக ஒரு மனிதருக்குப் போகட்டும். அந்த இருக்கைக்கு அந்த ஊர்க்காரர் ஒருவரை எடுக்கச் சொல்லுங்கள். அவர் குறித்து வைக்கும் தாளில் "வேறு" என்று ஒரு கட்டமும், பக்கத்தில் பெயரை எழுத ஒரு கோடும் இருக்கட்டும்.